ஓடையோரம் 60 சென்ட் சோலை: முள்கம்பி போடலாமா, விடலாமா?

அரவேணு செல்வி:

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிக்குக் கீழே அரவேணு பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் தேயிலை. அப்பா எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கியது. போன வருடம் தவறிவிட்டார். நிலத்தின் கீழ் ஓரத்தில் ஓர் ஓடை போகிறது. அதன் இரண்டு கரையிலும் அப்பா எதையும் வெட்டாமல் விட்டிருந்தார். எல்லாமே எங்கள் பட்டாவுக்குள்தான், அளந்தால் 60 சென்ட் வரும். நீளம் 600 அடி இருக்கும். அகலம் சில இடத்தில் 30 அடி, சில இடத்தில் 60. நாவல் மரங்கள், இரண்டு காட்டுச் செண்பகம், அடியில் இடுப்பளவுக்குக் குறிஞ்சிப் புதர், ஓரமெல்லாம் உண்ணிச்செடி. அப்பா ஏன் விட்டார் என்று அம்மாவிடம் கேட்டால், "தண்ணிக்குத்தான்" என்கிறார். சித்திரையிலும் எங்கள் தொட்டி வற்றியதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மாசியிலேயே லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள்.

இந்தச் சோலைப் பட்டையின் கீழ் முனை ஒரு நாலு ஏக்கர் சோலைத் துண்டைத் தொடுகிறது. மேல் முனை தார்ச்சாலையில் முட்டி நிற்கிறது. சாலைக்கு அந்தப்பக்கம் வேறொருவர் தேயிலை, அதையும் தாண்டினால் வனத்துறையின் பெரிய சோலை.

இப்போது பிரச்சினை. திருப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, நிலத்தைச் சுற்றி முள்கம்பி போட வேண்டும், ஓடையோரப் புதரை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து சில்வர் ஓக் வைக்க வேண்டும் என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. போன மார்கழியில் விடிகாலைப் பனியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போன எங்கள் சித்தியைக் காட்டுமாடு முட்டிவிட்டது. விலா எலும்பு இரண்டு முறிந்து 12 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றிலிருந்து தம்பிக்கு அந்தப் புதரைப் பார்த்தாலே ஆத்திரம்.

ஊரில் ஒருவர், "அது வனவிலங்கு வழித்தடம், கை வைக்காதே" என்கிறார். இன்னொருவர், "வழித்தடம் என்பது யானைக்கு, முதுமலை பக்கம் சீகூரில் இருக்கிறது. உன் 60 சென்ட்டில் எந்த யானை போகப்போகிறது?" என்று சிரிக்கிறார். உண்மையைச் சொன்னால் நான் பார்த்தவரை காட்டுமாடுகள்கூட அந்தப் பட்டைக்குள் அதிகம் போவதில்லை. தேயிலை வரிசைக்கு நடுவே ராஜாமாதிரி நடந்து போகின்றன. பட்டைக்குள் நான் பார்த்தது முள்ளம்பன்றி முள், கேளையாடு ஒரே ஒரு தடவை, கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்னக் குருவி, அப்புறம் விடியும் முன்னால் தரையோரமிருந்து விசில் அடிக்கும், கண்ணில் படாத ஏதோ ஒன்று. கரடியும் இந்த வழியாக வந்திருக்கிறது, ஆனால் அதற்குக் காடு எதற்கு, கோயில் விளக்கு எண்ணெய்தானே வேண்டும்.

இந்தப் பட்டை உண்மையிலேயே எதற்காவது பயன்படுகிறதா? இல்லை, நான்தான் அப்பா விட்டது என்பதற்காகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனா?


பழைய வாட்சர்:

செல்விம்மா, நான் 16 வருடம் வனத்துறையில் வாட்சராக இருந்து இறங்கியவன். பெரிய விஷயமெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும், நான் மாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முள்கம்பி காட்டுமாட்டை நிறுத்தாது. வளர்ந்த மாடு ஐந்தடி வேலியை நின்ற இடத்திலிருந்தே தாண்டும். கன்றால் முடியாது. நான் பார்த்த ஒரு கன்று தொடை கிழிந்து கம்பியில் தொங்கியது, தாய் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. இரண்டு நாள் அந்தத் தோட்டத்தில் ஒருவரும் கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை. மாடு வரக்கூடாது என்று போட்ட வேலி, மாட்டை உள்ளேயே நிறுத்தி வைத்தது.

சோலார் வேலி போடலாம். ஆனால் 2023இல் வந்த விதிப்படி காட்டை ஒட்டிய இடத்தில் மின்வேலிக்கு வனத்துறையில் பதிவு வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் ஷாக் இறங்கிவிடும், வாரத்துக்கு ஒரு தடவை யாராவது புல் வெட்ட வேண்டும். தம்பி திருப்பூரிலிருந்து வந்து வெட்டுவாரா? வீட்டு கரண்ட்டை நேராகக் கம்பியில் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சே வேண்டாம், முதலில் சாவது உங்கள் வீட்டு ஆளாக இருக்கும்.

சித்திக்கு அடிபட்டது எந்த இடம்? தொட்டிக்குத் திரும்பும் வளைவு என்றுதான் நினைக்கிறேன். நான் போய்ப் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். கழிப்பறைக்குப் போகிற வழி, தொட்டி மூலை, கவாத்து பண்ணாமல் தலைக்கு மேல் வளர்ந்த தேயிலை. பனியில் மாடு நிற்பது நமக்குத் தெரியாது, நாம் வருவது அதற்கும் தெரியாது. மூன்று முழத்தில் முகத்துக்கு முகம் பார்த்தால் அது என்ன செய்யும்? நடைபாதைக்கு இரண்டு பக்கமும் பத்தடி வெட்டி வெளிச்சமாக வையுங்கள். தொட்டியை வீட்டுப் பக்கம் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். பனி விலகும் முன்னால் யாரையும் தனியே அனுப்பாதீர்கள், பேசிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஓடையோரப் புதர் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.


கூடலூர் மணி:

அக்கா, ஒரு எச்சரிக்கை. "வழித்தடம்" என்ற வார்த்தையை நீங்களாக எங்கேயும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சீகூரில் யானை வழித்தடம் என்று 2010 ஆகஸ்டில் அரசு அறிவிக்கை வந்தது, 2011இல் உயர் நீதிமன்றம் சரி என்றது, 2018இல் ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள், 2020 அக்டோபர் 14இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ரிசார்ட் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பத்து வருடமும் சர்வே எண் எதில் வரும், எதில் வராது என்று தூங்காமல் இருந்த சின்ன ஆட்களையும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. வேலியைப் பற்றி எங்கள் ஊர் அனுபவம். பெயர் வேண்டாம், ஒரு பெரிய எஸ்டேட் ஒரு பக்கம் முழுக்கச் சோலார் வேலி போட்டது. யானை என்ன, திரும்பி முதுமலைக்கா போய்விட்டது? வேலியை ஒட்டியே நடந்து, வேலி முடிகிற இடத்தில் இருந்த எங்கள் லைன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீடு) வாசல் வழியாக இறங்கியது. அதற்கு முன்னால் 20 வருடம் அந்த லைனில் யானை வந்ததே இல்லை. என் அப்பா சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர். அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலையும் அந்த ஒரு அறை வீடும் கிடைத்தன. "யானை தன் வழியில் போகிறது, நம்மைத்தான் குறுக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்" என்பார். சரி, அது வேறு கதை. உங்கள் தம்பி வேலி போட்டால் மாடு யார் வாசல் வழியாகப் போகும் என்று முதலில் பாருங்கள்.


மரநாய்:

செல்வி அக்கா, சோலைப் பறவைகளைப் பற்றிச் சில வருடம் வேலை செய்தவள் நான். உங்கள் கேள்வியில் விடை பாதி இருக்கிறது. மாடு பட்டைக்குள் போவதில்லை, தேயிலைக்குள்ளேயே நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். காட்டுமாட்டுக்கும் சிறுத்தைக்கும் தேயிலைத் தோட்டம் ஒரு தடையே இல்லை. அவற்றுக்கு இந்தப் பட்டை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே "வழித்தடமா?" என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

விடிகாலையில் தரையோரம் விசில் அடிப்பது அநேகமாக நீலகிரி சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, பார்க்க நீலமும் செம்பழுப்புமாக ஒரு சின்னக் குருவி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இது ஓர் இனம். தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இருப்பது வெள்ளை வயிறு கொண்ட வேறோர் இனம். மலை உச்சியில் சோலையை விட்டு வராத பறவை, வெயில் காயும் கணவாயைத் தாண்டவே இல்லை. தாண்டாமல் இருந்து இருந்து இரண்டு இனமாகவே ஆகிவிட்டன. இறக்கை இருக்கிறதே, பறந்து போகலாமே என்று நமக்குத் தோன்றும். அது அப்படி நினைப்பதில்லை. புதருக்கடியில் ஈரச் சருகில் பூச்சி பொறுக்கும், ஓடைக்கரை மண் பொந்தில் கூடு வைக்கும். அதற்கு உங்கள் தேயிலை ஒரு சின்னக் கணவாய். கறுப்பு ஆரஞ்சுக் குருவி ஓர் ஈப்பிடிப்பான். மேற்கு மலைத்தொடரின் இந்த உயரங்களைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதற்கும் ஆளுயரத்துக்குக் கீழே அடர்ந்த புதர் வேண்டும்.

இப்போது அந்த நாலு ஏக்கர் துண்டுக்கு வருகிறேன், உங்கள் பட்டையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. காடு வெட்டவெளியைத் தொடும் ஓரத்தில் காற்றும் வெயிலும் உள்ளே புகும், சருகு காயும், உண்ணிச்செடி ஏறும். ஒரு பேச்சுக்கு இந்த ஓரக் கேடு 50 மீட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 127 மீட்டர். இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது கழித்தால் நடுவில் மிஞ்சுவது 27 மீட்டர் சதுரம். சென்ட் கணக்கில் 18 சென்ட்! நாலு ஏக்கர் சோலையில் ஈரமும் இருட்டுமான உட்காடு 18 சென்ட்தான். இதே கணக்கைக் கோத்தகிரி பக்கத்து லாங்வுட் சோலைக்குப் போட்டால், 116 ஹெக்டேரில் சுமார் 95 ஹெக்டேர் உட்காடாகவே நிற்கும். 2024 ஜனவரியில் அதை ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்களே, அதே சோலைதான்.

18 சென்ட்டில் எத்தனை ஜோடி சோலைக்கிளி வாழும்? ஒரு பஞ்ச வருடத்தில் அந்த ஜோடி செத்தால் அந்தத் துண்டில் விசில் நின்றுவிடும். 1967இல் மெக்கார்தரும் வில்சனும் கடல் தீவுகளை வைத்துச் சொன்னது இதைத்தான். தீவு சின்னதானால் இனங்கள் சீக்கிரம் அற்றுப்போகும், தூரமானால் புதியவை வந்து சேராது. பெரிய சோலையிலிருந்து குஞ்சு ஒன்று பிரிந்து இடம் தேடி வந்து சேர்ந்தால்தான் விசில் திரும்பக் கேட்கும். கூட்டம் கூட்டமாக வரத் தேவையில்லை. தலைமுறைக்கு ஒன்றிரண்டு வந்து ஜோடி சேர்ந்தாலே ரத்த உறவுக்குள்ளேயே சுருங்கிப்போவது பெருமளவு தடுபடும் என்பது மரபியல்காரர்களின் தோராயக் கணக்கு. அந்த ஒன்றிரண்டுக்குத்தான் உங்கள் 600 அடி.

ஆனால் உங்கள் பட்டை 30 அடி அகலம், முழுக்க முழுக்க ஓரம்தான். அங்கே எதுவும் நிலையாகக் குடியிருப்பது கஷ்டம். பெரும்பாலும் கடந்து போகத்தான் உதவும், அதுவும் அடிப்புதர் இருந்தால் மட்டும். புதரை வெட்டிச் சில்வர் ஓக் வைத்தால், சாட்டிலைட் படத்தில் பச்சைக் கோடு அப்படியே தெரியும், குருவிக்குக் கதவு சாத்தியாகிவிடும். தம்பியின் திட்டத்தில் முள்கம்பி எனக்குப் பெரிய பயமில்லை, குருவிக்கு அது ஒன்றும் செய்யாது. புதர் வெட்டுவதுதான் பயம்.

ஒன்று செய்வீர்களா? மேல் முனையில், சாலையில், ஓடை எப்படிக் கடக்கிறது, மரக்கிளைகள் சாலைக்கு மேல் தொட்டுக்கொள்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். வழி உங்கள் நிலத்தில் அறுந்திருக்காது, அங்கே அறுந்திருக்கும் என்று சந்தேகம்.


குந்தா பாபு:

நல்ல திரி. ஒரு யோசனை: நீலகிரியில் சோலைகளுக்கு நடுவே எத்தனையோ புல் மேடுகள் சும்மா கிடக்கின்றன. அங்கெல்லாம் மரம் நட்டு எல்லாச் சோலைகளையும் இணைத்துவிட்டால் பிரச்சினையே தீர்ந்ததே?


மரநாய்:

பாபு அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இந்த மலையை ஒருமுறை கெடுத்ததே அந்த யோசனைதான். புல்வெளி சும்மா கிடக்கவில்லை. மேல் நீலகிரியில் மடிப்புக்கு மடிப்பு சோலை, மேட்டில் எல்லாம் புல் என்பதுதான் பழைய அமைப்பு. வரையாட்டுக்கும் நெட்டைக்காலிக் குருவிக்கும் புல்தான் வீடு, மரம்தான் சுவர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து "வெறும் புல்" என்று சொல்லித்தான் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். சீகை தானாகப் பரவி, உங்கள் குந்தா பக்கம் இன்றைக்கு எது பழைய புல்மேடு என்று தேட வேண்டியிருக்கிறது. சோலையை இணைக்கிறேன் என்று புல்வெளியை அறுத்தால் அதுவும் துண்டாடல்தான். செல்வி அக்காவுடையது வேறு. ஓடைக்கரையில் ஏற்கெனவே சோலையாக இருந்த இடம், சுற்றிலும் இருப்பது தேயிலை, புல்வெளி இல்லை.


குந்தா பாபு:

சரிதான். எங்கள் தாத்தா மாடு மேய்த்த மேடு இப்போது சீகைக் காடு. யோசிக்காமல் எழுதிவிட்டேன்.


அரவேணு செல்வி:

எல்லாருக்கும் நன்றி. 18 சென்ட் கணக்கைத் தம்பிக்குப் போனில் படித்துக் காட்டினேன். "நம்ம வீட்டு மனையே 12 சென்ட்" என்றான், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வாட்சர் ஐயா, நீங்கள் சொன்ன வளைவேதான். பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள் என்று சித்திக்கே ஆச்சரியம். ஒரு பக்கம் தொட்டிச் சுவர், இன்னொரு பக்கம் நாலு வருடமாகக் கவாத்து பண்ணாத தேயிலை. பச்சை இலை விற்கிற விலைக்குக் கவாத்துக் கூலி கட்டுபடியாகவில்லை என்று விட்டதுதான். ஓடைப் புதர் அங்கிருந்து 200 அடி தள்ளி இருக்கிறது. இத்தனை நாளும் குற்றத்தை அதன் தலையில் போட்டிருந்தோம்.

மரநாய் தங்கச்சி, சாலையைப் போய்ப் பார்த்தேன். ஓடை ஒரு சிமென்ட் குழாய் வழியாகக் கடக்கிறது. நம் பக்கத்துக் குழாய் வாய் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்குகிறது, தண்ணீர் அருவிமாதிரி கொட்டிக் கீழே குழி பறித்திருக்கிறது. தவளை மேலே ஏற வழியே இல்லை. சாலைக்கு மேலே கிளைகள் தொடவில்லை, நடுவில் 25 அடி வானம் தெரிகிறது, கரண்ட் கம்பி போகிறது. சாலை அகலப்படுத்தியபோது வெட்டியது, பழைய நாவல் மரத்தின் அடிக்கட்டை இன்னும் இருக்கிறது. முன்பெல்லாம் காலையில் கருமந்தி உறுமல் கீழ்ச் சோலையிலிருந்து கேட்கும். எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தால், அந்த மரத்தை வெட்டிய வருடத்தையொட்டித்தான் இருக்கும் போல.


மரநாய்:

கருமந்திக்கு அது உண்மையாகவே பெரிய வெட்டு அக்கா. தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கும், ஆனால் நாயும் வண்டியும் காத்திருக்கும். வால்பாறை புதுத்தோட்டத்தில் சோலைமந்திகளுக்குச் சாலைக்கு மேல் மரத்துக்கு மரம் பாலம் கட்டி, அவையும் பழகிக்கொண்டன. உங்கள் இடத்தில் அதுவரை போக வேண்டாம். இரண்டு ஓரத்திலும் நாவலை வளர விட்டால் 15, 20 வருடத்தில் கிளை தொடும். கரண்ட் கம்பி போகிற இடத்தை விட்டுத் தள்ளி நடுங்கள், இல்லாவிட்டால் வருடா வருடம் வெட்டிவிடுவார்கள்.

குழாய்க்கு உடனே செய்யக்கூடியது: வாய்க்குக் கீழே கருங்கல்லைச் சரிவாக அடுக்குங்கள். தண்ணீர் படிப்படியாக இறங்கும், தவளையும் நண்டும் ஏறும். இஞ்சினியர் தேவையில்லை, இரண்டு ஆள் கூலி போதும்.

புதரில் உண்ணிச்செடியை எடுக்கலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. பத்தடி எடுத்து, அங்கே குறிஞ்சியும் தவிட்டுச் செடியும் பிடித்த பிறகு அடுத்த பத்தடி.


பழைய வாட்சர்:

கருங்கல் அடுக்குவது மழைக்கு முன்னால். ஐப்பசியில் எங்கள் பக்கம் மழை எப்படி அடிக்கும் என்று தங்கச்சிக்குத் தெரியாது. பெரிய கல்லைக் கீழே போட்டு, சின்னதை இடையில் சொருகச் சொல்லுங்கள்.


அரவேணு செல்வி:

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தம்பி ஆயுத பூஜை லீவில் வந்தான். தொட்டி வளைவில் தேயிலையைக் கவாத்து பண்ணிவிட்டோம், இப்போது வாசலில் நின்றால் தொட்டி தெரிகிறது. வேலி வீட்டையும் காய்கறிப் பாத்தியையும் சுற்றி மட்டும், அதுவும் முள் இல்லாத கம்பி வலை. வாங்கி வைத்த முள்கம்பிக் கட்டுகள் இன்னும் பிரிக்காமல் திண்ணையில் கிடக்கின்றன. கல் அடுக்கியாகிவிட்டது. வாட்சர் ஐயா சொன்னபடி பெரியது கீழே. மழையில் இரண்டு கல் உருண்டன, மற்றவை நிற்கின்றன.

புதர் விஷயத்தில் முழுசாக வெல்லவில்லை. நான் டவுனுக்குப் போயிருந்த காலையில் மேல் முனையில் 20 அடி வெட்டிவிட்டான், "சாலையிலிருந்து பார்க்க அசிங்கமாக இருந்தது" என்று. சண்டை போட்டேன். கடைசியில் சித்திதான் தென்னங்கயிறு எடுத்துவந்து, இதற்கு அப்பால் ஒருவரும் அரிவாள் கொண்டுபோகக் கூடாது என்று மரத்துக்கு மரம் கட்டினார். முட்டு வாங்கியவர் சொன்னால் தம்பி என்ன பேசுவான்?

விசில் இன்றைக்கும் கேட்டது, கயிற்றுக்கு உள்ளேயிருந்து.

சாலைக்கு அந்தப்பக்கத் தோட்டக்காரர் நேற்று வந்திருந்தார். திண்ணையில் கிடந்த முள்கம்பியைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வேண்டாம் என்றால் எனக்குக் கொடுங்கள், என் பக்கம் ஓடையையும் சேர்த்து அடைத்துவிடுகிறேன், என்ன விலை என்று கேட்டார். தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று டீ கொடுத்து அனுப்பினேன். மணி தம்பி, மரநாய் தங்கச்சி, அவரிடம் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?